அரைக்கிறாப்பு வளர்த்த கிண்ணைக் காடு

இதை எழுதுவோமா விடுவோமா என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் நான். கோயில் நோட்டீசுக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. எழுதப்போய் ஆமிக்காரனைப் பற்றி நல்லதாக ஒரு வரி வந்துவிட்டால் அதை யாராவது பிடித்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருந்தது. ஒரு சலூன்காரரைப் பற்றி இவ்வளவு நீட்ட என்ன இருக்கிறது என்று வீட்டிலும் கேட்பார்கள்.

போன கிழமை கனடாவிலிருந்து வந்த உறவுக்காரப் பொடியன் ஒருவன் என் முன்னால் இருந்துகொண்டு எங்கள் ஊரில் நடந்ததை எனக்கே கதையாகச் சொன்னான். அவனுடைய கதையில் சலூன்காரர் ஆமி ஒபிசரின் கழுத்தில் சவரக்கத்தியை வைத்து, மரத்தை வெட்டினால் உன்னை வெட்டுவேன் என்றாராம். பக்கத்தில் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற என்னை அந்தக் கதையில் காணவே இல்லை. அன்றைக்கே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கொப்பியை எடுத்தேன்.

அரைக்கிறாப்பு எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்த காலத்தில், ஊரில் எந்த ஆண்பிள்ளையின் தலையும் ஒரே இருப்பில் முழுதாக வெட்டி முடிந்ததில்லை. களுதாவளைத் தேரிலும் செட்டிபாளையத்துக் கலியாணத்திலும் எங்கள் ஊர்ப் பொடியன்களை முகம் பார்த்து அடையாளம் காணவேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறு பக்கம் காடாக நின்றால் அவன் எங்கள் ஊர்.

அவருக்கு ஒரு பேர் இருந்திருக்கும். ஆமி கொடுத்த பாஸில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அவர் படுவான்கரை ஆள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை. அங்கே ஷெல் விழத் தொடங்கிய ஒரு நாளில் ஒரு தோணியில் சலூன் கதிரையையும் ஒரு பெரிய கண்ணாடியையும் ஒரு சின்னக் கைக்கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு எழுவான்கரைக்கு, எங்கள் பக்கம் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. மற்றவர்கள் சட்டி பானை கொண்டு வந்த இடத்தில் இவர் கதிரை கொண்டு வந்ததே எங்களுக்கு ஒரு சிரிப்பு. ஊர்க்காரர் சந்தியில் கடை போடச் சொன்னோம். அவர் ஆற்றங்கரையில், குப்பை கொட்டுகிற மூலையில், நாலு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"இஞ்ச ஆர் வருவான் முடி வெட்ட?" என்று கேட்டேன். அப்போது நான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் காரியத்துக்குப் பொறுப்பானவன். ஊரில் யார் எங்கே கொட்டில் போட்டாலும் போய் ஒரு வார்த்தை சொல்வது என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

"முடி எங்கயும் வளரும் வண்ணக்கரையா," என்றார். "ஆத்தங்கரையிலதான் ஒண்டும் வளரல்ல."

உண்மை. பிரச்சினை தொடங்கிய நாட்களிலேயே எங்கள் கரையில் இருந்த மரம் செடியெல்லாம் விறகுக்கும் சென்றிக்கும், அதாவது ஆமியின் காவலரணுக்கும், போய்விட்டது. மொட்டைக் கரை. மழை பெய்தால் மண் கரைந்து ஆற்றுக்குள் போகும். வெயில் அடித்தால் சேறு மணக்கும். மீன் கூட அந்தப் பக்கம் வருவதில்லை என்று என் மச்சான் சொல்வார். மச்சான், என் மனைவியின் தமையன், தோணி வைத்து மீன் பிடிக்கிறவர்.

காலையில் சலூன் திறக்குமுன் அரைக்கிறாப்பு முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பார். மேல்காற்று அடிக்கிற நாட்களில் அவருடைய கரையிலிருந்து கிண்ணம்பழம் மிதந்து வரும். கிண்ணை, ஆற்றோரச் சேற்றில் நிற்கிற மரம். உள்ளங்கை அளவு பச்சைப் பழம், புளிக்கும். அதைப் பொறுக்கி, நசித்து, பழைய பவுடர் டின்களில் சேறு போட்டு அதற்குள் விதைப்பார். ஆற்றைக் கடக்க எங்களுக்குப் பாஸ் வேண்டும். அடையாள அட்டை வேண்டும். சில நாள் அதுவும் போதாது. அவர் பழத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"இதுக்கு ஒருத்தனும் பாஸ் கேக்கல்ல பாத்தீங்களா."

சலூன் தட்டில் சீப்புக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே கன்றுகள் நின்றன. முகச்சவரத்துக்குப் போனால் மூக்குக்கு நேரே ஒரு கிண்ணங்கன்று நின்று எங்களைப் பார்க்கும். கன்று வளர்ந்ததும் பின்பக்கச் சேற்றில் நடுவார். நட்டதை ஆடு தின்னும். திரும்ப நடுவார். ஆடு வளர்த்த ஒருவர் சவரத்துக்கு வந்தபோது மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, "மத்தப் பக்கம் ஆட்டைக் கட்டினாப் பிறகு" என்றார். அந்த மனிதர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியதை ஊரே பார்த்தது. பின்னேரம் ஆடு கட்டப்பட்டது.

அதில்தான் அவருக்கு வழி பிடிபட்டிருக்க வேண்டும். பாதி முடிந்த தலை எங்கேயும் ஓடாது, திரும்பி வரும்.

என் நடுவிலான் மகன் ஒரு சனிக்கிழமை வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இடது பக்கம் கூட்டிப் பெருக்கிய கோயில் வீதி. வலது பக்கம் சூரன்.

"என்னடா இது?"

"கேள்விக்கு மறுமொழி தெரியல்ல அப்பா."

என் மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள். "சலூனில என்னடா கேள்வி?"

"கிண்ணைக்குக் கீழ ஆணி ஆணியா நிலத்தால மேல வருதெல்லா, அது வேரா முளையா எண்டு. நான் முளை எண்டன். போய்ப் பாத்துட்டு வா எண்டு எழுப்பி விட்டுட்டார்."

அவள் அகப்பையை வைக்காமலே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால். சலூன் வாசலில் நின்று, "நான் முழுத்தலையை அனுப்பினனான். அரைத்தலை வந்திரிக்கு" என்றாள்.

"மத்த அரை ஆத்தங்கரையில இரிக்கு அக்கா. பாத்துட்டு வரச் சொல்லுங்க, வெட்டித் தாறன்."

"ஆரப்பா இவர், பள்ளிக்கூடம் நடத்திறார். வாடா, நான் பாக்கிறன்."

சேற்றுக்குள் தாயும் மகனும் இறங்கினார்கள். குனிந்தார்கள். கிண்டினார்கள். அங்கே என்ன வழக்கு நடந்ததென்று எனக்குக் கேட்கவில்லை. சேலைக்கரை முழங்கால் வரை சேறாக என் மனைவி திரும்பி வந்தாள். குரல் மாறியிருந்தது.

"வேர்தான். சேத்துக்குள்ள காத்து இல்லாததால மேல வந்து மூச்சு விடுதாக்கும். கீழ நண்டு வேற வீடு கட்டி இரிக்கு."

"சரி அக்கா. தம்பி, ஏறு கதிரையில."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சலூனுக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் பாடம் நடக்கும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல. கிணற்றடியில் தாய்மார், "உன்ட மகனுக்கு என்ன கேள்வி வந்த?" என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். கேள்வி வெளியாகிறது என்று தெரிந்ததும் அவர் கேள்விகளை மாற்றினார். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? தாழம்பற்றைக்குள் முட்டை இடுகிறது யார்? இறால் குஞ்சு எந்த வேருக்குள் ஒளிக்கும்? பெண்பிள்ளைகளுக்குச் சலூனில் வேலை இல்லை. ஆனால் அவர்கள் தட்டிக்கு வெளியே நின்று மறுமொழி சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பொடியன்கள் அக்கா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுதான் முடி வெட்டப் போனார்கள். ஆற்றங்கரையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அந்தக் கதிரையில் ஒரு நாளும் இருக்காத பெட்டைகள்தான். கன்று நடுகிற வேலையை அவர்களிடமே கொடுத்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கிண்ணம்பூ வாடி விழுந்தால் மின்மினியாக மாறும் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் படிப்பித்துவிட்டார். பரீட்சையில் அதை ஒரு பொடியன் எழுதிவைக்க, விஞ்ஞான ரீச்சர் சைக்கிளில் வந்து இறங்கினா.

"அண்ணே, பூ எப்பிடிப் பூச்சியாகும்?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இரிந்த ரீச்சர். பூ விழுற இடத்திலதான் அதைக் கண்டன். கண்டதச் சொன்னன்."

"அது முட்டையால வாறது. புழுவா இரிந்து, பிறகுதான் சிறகு முளைக்கும்."

"அப்ப மாத்திப் படிப்பிப்பம்," என்றார், ஒரு வருத்தமும் இல்லாமல்.

மாற்றினார். ஏற்கெனவே தேறிப் போன பொடியன்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டார். தலையில் வெட்ட முடி இல்லை. அதனால் மீசை முளைக்காத முகங்களுக்குச் சவர்க்கார நுரை பூசி இருத்தி, முட்டை, புழு, பூச்சி என்று சொல்லவைத்துத் துடைத்துவிட்டார். வாங்குப் பலகையில் வரிசையாக நுரைத் தாடியோடு இருந்த பிள்ளைகளைப் பார்த்துத் தோணியில் போன மச்சான் துடுப்பைத் தவறவிட்டார்.

பறவைக்கெல்லாம் அவர் தானே பேர் வைத்தார். எல்லாம் அவரிடம் முடி வெட்டுகிறவர்களின் பேர். மடையான் கொக்கைப் பிள்ளைகள் "வண்ணக்கர்" என்று சொல்வதாகக் கேள்விப்பட்டு நான் நேரே போய்க் கேட்டேன்.

"கோவிக்காதீங்க. கண்ணை மூடிக் கும்பிடுற மாதிரியே நிக்கும்."

"அதுக்கு?"

"ஆனா கவனம் மீனில."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த தடவை செட்டிபாளையத்தில் போய் முடி வெட்டினேன். அடுத்த நாள் பூசையில் கண்ணை மூடி நின்றபோது, பிரசாதப் பொங்கலான புக்கையில் முந்திரிகை போட்டார்களா என்று மனம் போனது. பிள்ளையாரே, அவன் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் திரும்ப அவரிடமே போய்விட்டேன்.

கன்றுகள் மரமாயின. கிண்ணை கெதியாக வளரும். தாழையும் நீர்முள்ளியும் யாரும் நடாமலே வந்து சேர்ந்தன. மரத்தடியில் கரை கரைவது நின்றது. இறால் வந்தது. தூக்கணாங்குருவி வந்தது. அப்போது எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பொழுதுபடக் கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்தால் கிண்ணை மரம் முழுக்க மின்மினி. எல்லாம் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். ஊருக்கு வெளிச்சம் என்று இருந்தது அதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் வேறொரு ஊரில், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கக்காரர் ஆற்றால் வந்து சென்றியை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த நாள் ஆமிக் காம்புக்கு விதானையாரையும் என்னையும் கூப்பிட்டார்கள். விதானையார் என்றால் கிராமத்துக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர். புதிதாக வந்த ஒபிசர் கதிரையில் இருந்தார். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் மொழிபெயர்த்தான். ஒபிசரை அவன் மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்றான்.

"வாற ஞாயிற்றுக்கிழமை மாத்தயா கரைக்கு வருவார். ஒரு பத்தையும் நிக்கக்கூடாது. நீங்க வெட்டாட்டி புல்டோசர் வெட்டும்."

டோசர் வந்தால் பற்றையை மட்டும் பார்த்துத் தள்ளாது. சலூன், தோணித்துறை, பிள்ளையார் தீர்த்தமாடுகிற கரை, எல்லாம் ஒன்றாகப் போகும். சொன்னது செய்யாத ஊரில் ஆண்களைப் பகல் முழுக்க வெயிலில் முழங்காலில் இருத்தியதும், சிலர் திரும்பி வராததும் எங்களுக்குத் தெரியும். பொறுப்பு விதானையாரும் நானும் என்று முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நான் நேரே சலூனுக்குப் போனேன். கதிரையில் ஒரு பொடியன் இருந்தான். விசயத்தைச் சொன்னேன். அரைக்கிறாப்பு வெட்டுகிறதை நிறுத்தவில்லை. இடது பக்கம் முடித்தார். வலது பக்கம் முடித்தார். துணியை உதறினார். "போ தம்பி" என்றார்.

பொடியன் எழும்பவில்லை. "கேள்வி?" என்றான்.

"இண்டைக்கு இல்ல. போ."

கொஞ்ச நேரத்தில் அவனுடைய தாய் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, உங்களுக்கு என்ன, சுகமில்லையா? புள்ள முழுக்கிறாப்போட வீட்டுக்கு வந்திரிக்கான்."

சிரிக்க வேண்டிய நேரமல்ல. ஆனால் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"வண்ணக்கரையா, அவனுகளுக்கு வெட்டணுமா, பாக்கணுமா?"

"என்ன?"

"பத்தை நிண்டா என்னவாம்?"

"தண்ணியால வாறவனைக் காணேலாதாம்."

"அப்ப பாக்கத்தான் வேணும்." கத்தரிக்கோலை இரண்டு தரம் காற்றில் வெட்டினார். "மொட்டை அடிக்கத் தேவையில்ல. கீழ ஒட்ட எடுத்து, மேல வளர விட்டாக் காணும். நெஞ்சு உயரத்துக்குக் கீழ ஒரு இலை இல்லாட்டி அந்தக் கரைவரை தெரியும்."

"அவன் ஒண்டும் நிக்கக்கூடாது எண்டான்."

"எல்லாரும் கதிரையில ஏறக்குள்ள ஒட்ட வெட்டு எண்டுதான் சொல்லுவாங்க. கண்ணாடியைப் பாத்தாப் பிறகுதான் காணும், போதும் எண்டுவாங்க."

கோயில் வீதியில் கூட்டம் போட்டோம். முதலில் எழும்பியது மச்சான்.

"இவர்ட பத்தைக்காக நாம முழங்காலில இரிக்கிறதா? வேற வேலை இல்லையா?"

"மச்சான், இறால் எங்க பிடிக்கிறாய் இப்ப?" என்று ஒருவர் கேட்டார்.

"அது வேற கதை. உசிரு இரிந்தாத்தானே இறால்."

அவர் சொன்னது பிழையில்லை. நானும் அதைத்தான் நினைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி சொன்னாள்: "டோசர் வந்தா உங்கட தோணித்துறையும் போகும் அண்ணன். எப்பிடியும் அவன்ட முன்னுக்குப் போய் நிக்கத்தான் போறீங்க. வெட்டிப்போட்டு நிண்டா என்ன, பாதி வெட்டிப்போட்டு நிண்டா என்ன?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மூலஸ்தானத்தைப் பார்த்தேன். எங்கள் பிள்ளையாருக்கு அந்த நாளில் கோபுரம் இல்லை. ஒரு மரத்தின் கீழ்தான் இருந்தார். மரத்தை வெட்டச் சொல்லி அவரிடம் எப்படிக் கேட்பது?

"முதல் அடி எனக்குத்தான் விழும்," என்றேன். "சரி, கீழ எடுப்பம்."

ஞாயிற்றுக்கிழமை விடிய ஊரே கரையில் நின்றது. அரைக்கிறாப்பு ஒவ்வொரு மரத்திலும் கரியால் கோடு போட்டுக்கொண்டு போனார். ஆமிக்காரனின் நெஞ்சு உயரம் எவ்வளவு என்று ஒரு வாக்குவாதம் வந்தது. விதானையார் உயரமான மனிதர் என்பதால் அவரை மரத்துக்கு மரம் நிறுத்தி அளந்தார்கள். பெரியவர்கள் கொப்பை வெட்டினோம். அரைக்கிறாப்பும் பிள்ளைகளும் பின்னால் வந்து, விட்டுப்போன சின்ன இலைகளைச் சலூன் கத்தரிக்கோலால் எடுத்தார்கள். மூச்சு வேரில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. வைத்தவரைப் பெட்டைகள் அதட்டினார்கள். மச்சான் மூன்று தரம் ஏச்சு வாங்கினார். ஒரு தாழ்ந்த கொப்பில் குருவிக்கூடு இருந்தது. அதை மட்டும் வெட்டாமல் விட்டார். நெற்றியில் விட்ட குடுமி போல அது தனியே தொங்கியது.

வெயில் ஏறும்போது ஜீப் வந்தது. அதன் பின்னால், றோட்டில், டோசர்.

ஒபிசர் இறங்கி நின்று பார்த்தார். முகம் சிவந்தது. சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் எங்களைப் பார்த்து, "வெட்டச் சொன்னது. ஏன் வெட்டல்ல?" என்றான். விதானையார் என்னைப் பார்த்தார். கணபதி மந்திரத்தின் முதல் சொல்லுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அப்போது பின்னால் ஏதோ இழுபடுகிற சத்தம். அரைக்கிறாப்பு சலூன் கதிரையைச் சேற்றோரமாக இழுத்துக்கொண்டு வந்தார். ஆற்றுக்குப் பக்கவாட்டாக வைத்தார். எதிரே பெரிய கண்ணாடியை இரண்டு பொடியன்கள் பிடித்துக்கொண்டார்கள். தோளில் கிடந்த துணியால் கதிரையைத் தட்டினார்.

"மாத்தயா, இரிங்க."

துவக்கை நீட்டிப் பிடித்திருந்த ஆமிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்கள். சிப்பாய் மொழிபெயர்க்கப் பயந்து விழுங்கினான். அரைக்கிறாப்பு எல்லா ஆட்களிடமும் சொல்கிற அதே குரலில் திரும்பச் சொன்னார். "இரிங்க மாத்தயா. பின்பக்கம் பாக்கிறதுக்கு."

ஏன் இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சலூன் கதிரையைத் தட்டி இரு என்றால் ஆண்பிள்ளை ஒருவன் யோசிக்காமல் இருந்துவிடுவானோ என்னவோ. பிள்ளையார் செயல் என்றுதான் நான் சொல்வேன். ஒபிசர் கதிரையில் இருந்தார். அரைக்கிறாப்பு பின்னால் போய், முடி வெட்டி முடிந்ததும் பிடரியைக் காட்டுவாரே, அதே மாதிரிக் கைக்கண்ணாடியைப் பிடித்தார். ஆனால் பிடரிக்கு அல்ல. கண்ணாடியை ஆற்றுப் பக்கம் திருப்பினார். கொஞ்சம் சரித்தார். கொஞ்சம் நிமிர்த்தினார்.

"காணுதா மாத்தயா?"

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் கிண்ணை மரங்கள் தூண் தூணாக நின்றன. தூண்களுக்கு நடுவே தண்ணீர். தண்ணீரில் ஒரு தோணி. அதற்கப்பால் படுவான்கரை மரமெல்லாம் தெரிந்தது.

"காணாட்டி இன்னும் கொஞ்சம் எடுப்பம்," என்றார்.

ஒபிசர் கண்ணாடியையே பார்த்தார். கையை நீட்டித் தொங்கிய கொப்பைக் காட்டினார். சிப்பாய், "அது என்ன?" என்றான்.

"கூடு. குஞ்சு இரிக்கு. பறந்தாப் பிறகு எடுப்பன்."

ஒபிசர் எழும்பி மரத்தடிக்குப் போனார். விழுந்து கிடந்த ஒரு பழத்தை எடுத்து மணந்து பார்த்தார்.

"கிரல?" என்றார்.

சிங்களத்தில் கிண்ணைக்கு அதுதான் பேராம். அவருடைய ஊரிலும் ஆற்றோரம் நிற்குமாம். சிப்பாய் பிறகு சொன்னான். பழத்தைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது பக்கத்து மரமொன்றைக் காட்டி ஏதோ சொன்னார்.

சிப்பாய் சொன்னான்: "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கட்டாம்."

"ஓம் மாத்தயா," என்று சொல்லிவிட்டு அரைக்கிறாப்பு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நுனியை வெட்டினார். தலையைச் சரித்துப் பார்த்தார். திரும்ப ஒன்றை வெட்டினார். ஒபிசர் தலையாட்டினார்.

ஜீப்பில் ஏறுமுன் சிப்பாய் வந்து என்னிடம் சொன்னான்: "மாதம் மாதம் இப்பிடி வெட்டணும். ஒரு மாதம் விட்டாலும் டோசர் வரும்." டோசர் றோட்டில் பின்பக்கமாகவே போய்த் திரும்பியது.

அவர்கள் போனபின் அரைக்கிறாப்பு அந்தக் கதிரையில் இருந்தார். மச்சான் போய்த் தோளில் கை வைத்து, "கேள்வி ஒண்டும் கேக்கல்லையே அவனிட்ட?" என்றார்.

"வாய் வரைக்கும் வந்த," என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணைக்கு முடிவெட்டு. காம்பில் ஒபிசர்கள் மாறினார்கள். சிலர் நல்லவர்கள் இல்லை. இதே காம்புக்கு விசாரணைக்கென்று போனவர்களுக்காக நாங்கள் வாசலில் காத்து நின்ற நாட்களும் உண்டு. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மரத்தை யாரும் தொடவில்லை. இலை எடுக்க எடுக்க, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மரமும் தங்கள் வீட்டு ஆள் போலப் பழகிவிட்டது. எதில் எப்போது பூ, எதில் யார் கூடு என்று கேட்காமலே சொன்னார்கள்.

படுவான்கரைக்குத் திரும்பிப் போகலாம் என்று அறிவித்த உடனேயே அவர் போய்விட்டார். தோணியில் கதிரை, இரண்டு கண்ணாடி. இந்தத் தடவை பவுடர் டின்களில் எங்கள் கரைக் கிண்ணங்கன்றுகளும். அங்கே ஷெல்லில் கரையெல்லாம் மொட்டையாகிவிட்டதாம். "கடனைத் திருப்பிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல, தாய் வீட்டுக்குப் போகுதுகள்," என்றார்.

சில வருடத்துக்குப் பிறகு, காய்ச்சலில் போய்விட்டார் என்று பாதையில் வந்த ஒருவர் சொன்னார். பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. நானும் மனைவியும் மச்சானும் அதில் ஏறிப் போனோம். செத்த வீட்டு முற்றத்தில் நாலைந்து பொடியன்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் ஒட்ட வெட்டு, மறு பக்கம் காடு. அழ வந்த சனம் அவர்களைப் பார்த்ததும் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றது.

"என்ன கேட்டவர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

ஒருவன் சொன்னான்: "கிண்ணைக்குக் கீழ ஆணி ஆணியா வாறது வேரா முளையா எண்டு."

ஒப்பாரிக்கு நடுவிலிருந்து என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "வேர் மனே, மூச்சு விடுற வேர்" என்றாள். கிரியைக்கு வந்திருந்த வேறொரு சலூன்காரர் அந்தத் தலைகளை அன்றைக்கே முடித்துவைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஒருவருடைய கழுத்திலும் கத்தி வைக்கப்படவில்லை. ஒருவரும் ஒருவர் காலில் விழவில்லை. ஒபிசரின் தலையில் ஒரு முடியைக் கூட அவர் தொடவில்லை. கண்ணாடி காட்டினார். வாசிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். இருந்தபடியே சொல்லுங்கள். மேலே வளர்த்துவிடவும் வேண்டாம், கீழே வெட்டவும் வேண்டாம்.

இப்போது நான் சந்தியில் உள்ள சலூனுக்குத்தான் போகிறேன். நல்ல பொடியன். ஒரே இருப்பில் முழுத்தலையையும் வெட்டி, பின்பக்கத்துக்குக் கண்ணாடி பிடித்து, "சரியா ஐயா?" என்பான். சரி என்பேன். துணியை உதறிய பிறகும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருப்பேன், ஏதாவது கேட்பான் என்று.